அடுத்தவர் நிலத்தில் என் பாதை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் நாங்கள் குடியிருக்கும் கிராமத்தின் படத்தைப் போட்டால் போதும், "சொர்க்கத்தில் இருக்கிறீர்கள்" என்று பத்துப் பேராவது எழுதிவிடுகிறார்கள். கல் வீடு, தேவாலயக் கோபுரம், பச்சைப் பசேல் என்ற புல்வெளி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். பால் தீர்ந்தால் காரை எடுக்க வேண்டும். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்சிக்கு அழ வேண்டும்.

இங்கே பொறாமைப்பட வேண்டியது வேறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு விவசாயியின் ஆட்டு மேய்ச்சல் நிலம். அதன் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. நிலம் அவருடையது, நடக்கும் உரிமை என்னுடையது. பொதுப்பாதை என்று காட்டும் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க முடியாது. கற்சுவர் குறுக்கிடும் இடத்தில் இரண்டு கற்களை நட்டு, நடுவில் சந்து விட்டிருக்கிறார்கள். ஒருக்களித்தால் மனிதன் நுழையலாம், ஆடு நுழையாது. (விருந்துக்கு மறுநாள் எனக்கும் கொஞ்சம் சிரமம்தான்.) அந்தக் கற்களின் உட்பக்கம் தொடை உயரத்தில் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. வயலின் குறுக்கே போகும் பாதையை விதைப்புக்காக உழுதால், 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி செய்து தர வேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம்.

"வெள்ளைக்காரனின் பெருந்தன்மை" என்று சிலாகித்தார் ஒரு நண்பர். பெருந்தன்மையாவது! பக்கத்து ஹேஃபீல்டுக்கு வந்து பார்க்கட்டும். 1932 ஏப்ரல் 24 அன்று அங்கிருந்துதான் சுமார் 400 பேர் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். பலர் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள். வாரம் முழுக்க ஆலைப் புகை. ஞாயிறு ஒரு நாள்தான் நல்ல காற்று. அந்த மேட்டையோ பிரபுக்களின் பறவை வேட்டைக்காகக் காவல் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். காவலாட்களோடு கைகலப்பு, ஐந்து பேருக்குச் சிறை. முன்னின்று நடத்திய பென்னி ராத்மேனுக்கு அன்று வயது 20. கிடைத்தது நான்கு மாதம். மேட்டுநிலங்களில் தாராளமாக நடக்கும் உரிமை சட்டமாக 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மேட்டு நிலத்தை அன்று வைத்திருந்த குடும்பத்தின் வாரிசான டெவன்ஷயர் பிரபு, தன் தாத்தா காலத்தில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டது 2002இல்.

எங்கள் விவசாயிக்கும் நாங்கள் நடப்பது அவ்வளவாகப் பிடிக்காது. ஆடு குட்டி போடும் பருவத்தில் நாயைக் கட்டாமல் வருகிறவர்களைப் பார்த்தால் கத்துவார். அதில் நியாயம் இருக்கிறது. என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். நானும் அசைத்துவிட்டு, அவர் நிலத்தின் நடுவே நடந்து போவேன்.