கூடு இல்லாத வருஷத்தையும் எழுதி வையுங்கள்

பொங்கல் சமயத்தில் பறவை கணக்கெடுக்க வருகிறவர்களில் நாலில் ஒருவர் கூடு எண்ணவும் வந்தால் போதும். ரொம்ப நாளாக எனக்கு இந்த ஆதங்கம். வலசை வந்த வாத்தைப் படம் எடுக்கக் கரையில் கூட்டம் நிற்கும். ஊருக்குள் புளியமரத்தில் கூடு கட்டியிருக்கிற மடையான் கொக்கை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கேட்டால், "அது எப்பவும் இங்கேதானே இருக்கு" என்பார்கள். அப்படி எப்பவும் இருப்பதாக யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

வேடந்தாங்கலுக்கு அந்தக் கவலை இல்லை. 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்தில் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார். கூந்தன்குளத்தில் வீட்டு மரத்தில் கூடு கட்டினாலும் விரட்ட மாட்டார்கள். வேட்டங்குடிப் பக்கம் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே கிடையாது. நான் சொல்வது பேர் தெரியாத கண்மாய்களை. உள்ளே நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கும். நல்ல மழை பெய்த வருஷத்தில் உச்சியில் நத்தைகுத்தி நாரை, கீழ்க்கிளைகளில் உண்ணிக்கொக்கு, நீர்க்காகம் என்று மாடி மாடியாகக் கூடு இருக்கும். ஒருநாள் அந்த மரங்கள் ஏலத்துக்கு வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் வேட்டைதான். சரி, குஞ்சுகள் பறந்துபோய் மரம் காலியாக நிற்கிற கோடையில் வெட்ட வந்தால்? அப்போது கையில் இருக்க வேண்டியது வருஷா வருஷம் எழுதிய நோட்டு.

எண்ணுவது பெரிய வித்தை இல்லை. கரையில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, பைனாகுலரில் மரம் மரமாகக் கூட்டை மட்டும் எண்ண வேண்டும். பறவை உட்கார்ந்திருக்கிற கூடும் குஞ்சுத் தலை தெரிகிற கூடும் தனிக்கணக்கு, வெறும் குச்சியாகக் கிடப்பது தனிக்கணக்கு. இலை மறைப்பதில் சில கூடுகள் விட்டுப்போகும், போகட்டும். அதே இடத்தில் நின்றால் ஏறத்தாழ அதே அளவுதான் விட்டுப்போகும் என்பதால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மரத்தடிக்குப் போகாதீர்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். உச்சி வெயிலில் நாரை இறக்கையை அரைகுறையாக விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது பயந்து எழும்பினால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை முட்டையைத் தூக்கும். உங்களுக்கு நல்ல படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் முக்கியமான விஷயம். மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாவிட்டால் பறவைகள் கூடு கட்ட வராது. அந்த வருஷம் நம் ஆட்களும் வருவதில்லை. பின்னால் நோட்டைப் புரட்டுகிறவருக்குப் பறவை வரவில்லையா, எண்ணுகிற ஆள் வரவில்லையா என்று எப்படித் தெரியும்? ஆகவே அப்போதும் போய், "கூடு 0, தண்ணீர் இல்லை" என்று தேதி போட்டு எழுத வேண்டும்.

இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுகிறவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றுக்கான குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். முகநூலில் இடம் குறித்துப் படம் போடுவதை மட்டும் குஞ்சுகள் பறக்கிற வரை தள்ளிப்போடலாம்.