ஒண்ணே ஒண்ணுதானே என்று போடும் பொறை

எங்கள் நாய் ராக்கி, லாப்ரடார் ஜாதி, வயது 9. தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி வீடு. போன ஆடி மாசம் கீழே போய்விட்டு வந்தவன், முதல் மாடித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாக்கு முழுக்க வெளியே. மேலே நிற்கிற என்னைப் பார்க்கிறான், எழுந்திருக்க முடியவில்லை. வயசாகிவிட்டது என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எடை 44 கிலோ. இவன் உடம்புவாகுக்கு 35, மிஞ்சினால் 36 போதும் என்றார் டாக்டர். அப்புறம் என் கையைப் பிடித்து ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். கையை விரித்து நீட்டி, புறங்கை மேல் இன்னொரு கை விரலை ஓட்டுங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவினால் அப்படி இருக்க வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மடக்கிய முட்டி மாதிரி துருத்தினால் இளைப்பு. ராக்கியின் விலாவை அழுத்தி அழுத்தித் தேடினேன், எலும்பு கையில் சிக்கவே இல்லை.

ஒரு நாள் முழுக்க அவன் வாய்க்குள் போவதை எழுதி வரச் சொன்னார். எழுதினோம். காலையில் டீக்கடையில் அப்பா போடும் 2 பொறை ரொட்டி. அம்மா வார்க்கும் முதல் தோசை. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 4 பிஸ்கட். கீழ்வீட்டு அக்கா காசிமேட்டு மீனை ஆயும்போது ஒரு தலை. ராத்திரி என் தட்டில் மிச்சமான குழம்புச் சோறு. இதெல்லாம் போக அவனுக்கென்று இரண்டு வேளைச் சாப்பாடு! யாரும் அள்ளிப் போடவில்லை. ஆளுக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் இங்கேதான் வருகிறது, முதலில் என் மேல். பட்டினி போட்டால் வதை என்கிறோம். மூட்டு தேயும்வரை, மூச்சு வாங்கும்வரை ஊட்டினால் அதற்குச் செல்லம் என்று பெயர். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவே, பிராணியின் நலனைக் காப்பது அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது.

‘பசியோடு பார்க்கிறதே, எப்படிச் சாப்பிடுவது’ என்பார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டிவிடும் மரபணுக் கோளாறு இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பார்வையை நம்பிச் சோறு போட முடியாது. 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக வளர்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் கால் பங்கு உணவு குறைவு. அந்தக் குறைந்த பங்கு நாய்கள் ஏறக்குறைய 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. நாயின் ஆயுசில் 2 வருஷம் எவ்வளவு என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் தைராய்டு சோதனை பார்த்துவிட்டு, டாக்டர் சொன்ன அளவை ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்தோம். யார் என்ன கொடுத்தாலும் அந்த டம்ளரிலிருந்துதான். பொறை கிடையாது, வேக வைத்த பீன்ஸ் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் நடை. 7 மாசத்தில் 36 கிலோ. பூனை வைத்திருப்பவர்கள் மட்டும் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறைக்க வேண்டும்.

போன வாரம் கீழ்வீட்டு அக்கா, “என்னப்பா, இப்படி இளைச்சுட்டான், சோறு போடறதில்லையா?” என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து ராக்கியின் விலாவில் வைத்தேன். அப்புறம் அவர் புறங்கையைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.