அளவு மட்டும் போதாது, அண்ணா

"நானோ டைட்டானியம் டை ஆக்சைடு எல்லாம் ஒன்றுதான், துகள் சிறிதாக இருந்தால் போதும், தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் கிருமி செத்துவிடும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீருக்கு நாம் பட்ட பாடு தெரியும். அதனால்தான் இதை அப்படியே விட மனம் வரவில்லை.

அனடேஸ், ரூட்டைல் இரண்டும் டைட்டானியம் டை ஆக்சைடின் படிக வகைகள்; வேதிச் சூத்திரம் ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. தண்ணீரில் உள்ள கரிமப் பொருளைச் சிதைப்பதில் பெரும்பாலும் அனடேஸ் முந்துகிறது. வெயில் காப்புக் களிம்பில் சேர்ப்பது பெரும்பாலும் ரூட்டைல். அதன்மேல் சிலிக்கா அல்லது அலுமினா பூசியிருப்பார்கள், ஒளிவினை தோலைத் தாக்காமல் இருப்பதற்காகவே. அந்தப் பொடி உங்கள் பாத்திரத்தில் என்ன செய்துவிடப் போகிறது? படிகமாகாத பொடியோ இன்னும் மோசம்: ஒளியால் பிரிந்த மின்னூட்டங்கள் குறைபாடுகளில் சிக்கி, மேற்பரப்பைத் தொடுமுன்பே மீண்டும் இணைந்துவிடுகின்றன.

வடிவமும் பேசும். இரட்டைப் பிரமிடு போன்ற அனடேஸ் துகளில் வெளியே தெரிவது 101 என்று குறிக்கப்படும் படிக முகம். அங்கே தண்ணீர் மூலக்கூறு பெரும்பாலும் உடையாமலே ஒட்டுகிறது. தட்டையான துகளில் 001 முகம் அதிகம். அங்கே தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சிலாக (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதியாக) மாறக்கூடும். அளவு சமமாக இருந்தாலும் தண்ணீர் சந்திக்கும் மேற்பரப்பு வேறு.

தயவுசெய்து எந்தப் பொடியையும் குடிநீரில் கலக்காதீர்கள். கலங்கலை வடிகட்டி, நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவையுங்கள். மேகமூட்டமாக இருந்தால் 2 நாள்.