பழைய சட்டம் என்றால் செத்த சட்டமா?

உருளைக்கிழங்கு இறக்குமதியைப் பற்றித் தொலைக்காட்சியில் நடந்த அந்த விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "1914ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைக் காட்டி இறக்குமதி உருளைக்கிழங்கை மறிப்பது கேலிக்கூத்து, அந்தத் தாவர நோய்த்தடுப்பு விதிகளை முதலில் நீக்குங்கள்" என்று அதில் ஓர் அன்பர் முழங்கினார், கைதட்டலும் வாங்கினார். நான் நீலகிரிக்காரன். எனக்குக் கைதட்ட வரவில்லை.

சட்டத்துக்கு வயதாகிவிட்டது என்பது அதை நீக்கப் போதுமான காரணம் அன்று. அது தடுக்க நினைத்த நோய் செத்துவிட்டதா என்பதுதான் கேள்வி. உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கி அழுகவைக்கும் பின்கருகல் நோய் இந்தியாவில் முதலில் தென்பட்டது 1870க்கும் 1880க்கும் இடையில், எங்கள் மலையில். கிழங்கு அந்துப்பூச்சி 1906இல் இத்தாலி விதைக்கிழங்கோடு பம்பாய்க்கு வந்து இறங்கியது. மறித்துச் சோதிக்கச் சட்டம் இல்லாத காலத்தில் வந்த இரண்டும் இன்றும் நம் வயலில் நலமாக இருக்கின்றன.

"சட்டம் இருந்தும் நூற்புழு வரவில்லையா?" என்று கேட்பீர்கள். வந்தது. மண்ணில் இருந்து உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூடு நூற்புழுவை 1961இல் உதகையில் கண்டறிந்தார்கள். காவலாளி தூங்கிவிட்டான் என்பதற்காகக் கதவைக் கழற்றி விற்றுவிடுவீர்களா?

கேத்திப் பக்கம் எங்கள் வயலில் செடிகள் திட்டுத் திட்டாக மஞ்சளடித்துக் குட்டையாக நின்றபோது, என் அப்பா உரம் போதவில்லை என்றே நினைத்து மேலும் மேலும் உரம் போட்டார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டியபோதுதான், குண்டூசித் தலையளவு பொன்னிற மணிகள், அந்த நூற்புழுவின் முட்டைக்கூடுகள், ஒட்டியிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கே பயிரிடாவிட்டாலும் மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு காத்திருக்கக் கூடியவை. அதன் பிறகு அவர் கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் மாறினார். அந்த மாற்றத்தைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் விவாதம் நடத்தவில்லை.

தின்பதற்கான கிழங்குதானே, விதைக்கிழங்கு இல்லையே என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மண்டியில் விலை போகாமல் முளைவிட்ட கிழங்கு எங்கே போகிறது என்று மேட்டுப்பாளையத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். விதை விலை ஏறும் ஆண்டில் அது நேராக வயலுக்குத்தான் போகும், ஒட்டியிருக்கும் மண்ணோடு. விலை குறையும், ஏழை பயனடைவான் என்கிறீர்கள். நல்லது, ஏழை விவசாயியையும் அந்தக் கணக்கில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தாமதம், சோதனைக்கூடப் பற்றாக்குறை ஆகியவை உண்மையான குறைகள். அவற்றைச் சரிசெய்யச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

1971இல் நீலகிரி விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகத் தமிழக அரசு தடை விதித்தது. 2018இல் இமாசலம், உத்தராகண்ட், காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் அதே புழுவால் அதே கதி. ஊர் நன்மைக்கு என்று எங்களிடம் சொன்னார்கள், பொறுத்துக்கொண்டோம். எங்கள் மூட்டையை மறித்தபோது அதற்கு அறிவியல் என்று பெயர். உங்கள் கப்பலை மறிக்கும்போது மட்டும் அது எப்படி வெள்ளைக்காரன் சட்டமாகிவிடுகிறது?

இன்னொன்று. 1914 சட்டத்தை நீக்கி, அதன் இடத்தில் புதிய அமைப்பை நிறுவுவதற்கான வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா 2013இல் மக்களவைக்கே வந்து, அவை கலைந்தபோது காலாவதியானது. நீக்கு, நீக்கு என்று முழங்கியவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த விவாதத்துக்கு வரும்போது அவர் அதைப் படித்துவிட்டு வரட்டும். அதுவரை இந்தப் பதிவின் கீழே யாரும் சிப்ஸ் விலையைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம்.