ஆதாம் பாவமே செய்யாமல் இருந்திருந்தால்?

ஆதாமும் ஏவாளும் பாவம் செய்யாமலே இருந்திருந்தால், இறைமகன் மனிதராகப் பிறந்திருப்பாரா? இடைக்கால இறையியலாளர்கள் மல்லுக்கட்டிய கேள்வி இது. என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான்.

கான்டர்பரி அன்செல்ம் 1098இல் முடித்த நூலில் கணக்கைத் தெளிவாக வைத்தார். கடவுளுக்குரிய மதிப்பை மனிதன் பறித்துவிட்டான். ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் கடவுள் ஒருவரே. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வர வேண்டியிருந்தது. கிறிஸ்துவின் வருகைக்கு இங்கே காரணம் நம் கடன்.

புனித தோமா அக்குவினாஸ் இன்னும் நிதானமானவர். பாவம் இல்லாவிட்டாலும் கடவுளால் மனிதராக முடியும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கடவுளின் விருப்பம் விவிலியத்தின் வழியாகத்தான் நமக்குத் தெரியும், விவிலியமோ எங்கும் பாவத்தையே காரணமாகச் சொல்கிறது, அதைத் தாண்டி ஊகிக்க வேண்டாம் என்கிறார். அந்தப் பணிவை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் என் மனம் பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்காட்டஸ் பக்கம்தான். 1308இல் கொலோனில் இறந்தவர். ஒழுங்காக விரும்புகிறவர் முதலில் இலக்கை விரும்புவார், பிறகுதான் மற்றவற்றை என்பது அவர் வாதம். கிறிஸ்துவின் மாட்சி, மனிதர் அனைவரின் மீட்பையும்விடப் பெரிய நன்மை. அவ்வளவு பெரியது, அதைவிடச் சிறிய ஒன்றின் பொருட்டுத் தற்செயலாக நேர்ந்ததாக எப்படி இருக்கும்? இன்னொன்றும் சொல்கிறார்: ஒருவர் விழுந்ததால்தான் மற்றவருக்கு மாட்சி கிடைத்தது என்றால், அந்த வீழ்ச்சிக்காக மகிழ வேண்டியதாகிவிடும். பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாட்டில், ஆதாமின் குற்றத்தை இப்படிப்பட்ட மீட்பரைப் பெற்றுத் தந்த பாக்கியமான குற்றம் என்று பாடும்போதெல்லாம் இந்த வாதம் என்னை உலுக்கும். தோமா அதே பாடல் வரியைத்தான் தன் பக்கத்துக்குத் துணையாகக் காட்டுகிறார்!

ஸ்காட்டஸ் சிலுவையை ஒதுக்கவில்லை. பாவம் இல்லையென்றால் கிறிஸ்து துன்புறும் உடலோடு வந்திருக்க மாட்டார், ஆனால் வந்திருப்பார் என்பதே அவர் நிலை.

எனக்கு இது வெறும் தர்க்கம் அல்ல. திருமுழுக்கு மறையுரைகளில், ஆதாமிடமிருந்து எல்லோருக்கும் வழிவழியாக வரும் ஜென்மப் பாவம்தான் முதலில் வருகிறது, அன்பு பிறகு வருகிறது. பச்சைக் குழந்தையைக் குற்றவாளிபோலப் பேசுகிறார்கள். தோமாவே ஜென்மப் பாவத்தை ஆதி நீதியின் (வீழ்ச்சிக்கு முன் மனிதருக்கு இருந்த நேர்மை நிலையின்) இழப்பு என்றுதான் விளக்கினார். குழந்தை தானே செய்த குற்றமாக அல்ல.

மரியா ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்னும் அமலோற்பவத்துக்கு ஸ்காட்டஸ் வழிவகுத்தார், 1854இல் அது விசுவாசக் கோட்பாடானது. மனிதவதாரத்தின், அதாவது இறைமகன் மனிதரானதன், காரணம் பற்றியோ திருச்சபை இதுவரை தீர்ப்பு சொல்லவில்லை. இரு பக்கமும் நிற்கலாம். தோமாவோடு நிற்பவர்கள் அவருடைய விவிலிய வாதத்தோடு வாருங்கள், பேசுவோம்.