ஆமாம், கொலைக்கதைதான் படிக்கிறேன்

நேற்றைய கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பேசிய ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்கு இன்னும் நாலு ரசிகர்களைச் சேர்த்துவிட எனக்கு விருப்பம் இல்லை. "துப்பறியும் கதை படிக்கிறவர்கள் மூளைக்கு லீவு விட்டவர்கள். மனதுக்குள் ரத்தம் பார்க்கிற ஆசை, அவ்வளவுதான்" என்றார். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் ரெண்டு பேர் என்னிடம் புத்தகம் இரவல் வாங்கி இன்னும் திருப்பித் தராதவர்கள். என்ன வகைப் புத்தகம் என்று அவர்களையே கேளுங்கள்.

ஐயா, ரத்தம் பார்க்க ஆசைப்படுகிறவனுக்குப் புத்தகம் எதற்கு? போனைத் திறந்தால் போதுமே. துப்பறியும் கதையில் கொலை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. பல கதைகளில் அது நம் கண் முன்னால் நடப்பதுகூட இல்லை. மிச்சப் பக்கங்களில் எல்லாம் ஒருவர் போய்க் கதவைத் தட்டுகிறார், கேள்வி கேட்கிறார். அன்று ராத்திரி எங்கே இருந்தீர்கள், அந்தக் கடிதத்தை எரித்தது யார், ஜன்னல் ஏன் திறந்திருந்தது. செத்தவர் நல்லவரோ கெட்டவரோ, முதலாளியோ வேலைக்காரரோ, யார் செய்தது என்று தெரியாமல் துப்பறிகிறவர் ஓய்வதில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் படிக்கிறோம். ரத்தத்துக்காக இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ரத்தத்துக்காக இல்லை.

அப்புறம், மூளைக்கு லீவாம். ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், 1929-ல் இந்தக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் தடயம் எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது. துப்பறிகிறவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது. எல்லாவற்றையும் நம் முன்னால் பரப்பி வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடி என்கிற எழுத்து இது. நம்மை இந்த அளவுக்கு மதிக்கிற எழுத்து வேறு எது? நாலு வரி எழுதிவிட்டு, புரியவில்லை என்றால் உனக்குப் பயிற்சி போதாது என்கிறவர்கள் மூளையைப் பற்றிப் பேசுகிறார்கள். சரி, விடுங்கள்.

எங்கள் அத்தை கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதுவார். பக்கத்திலேயே காரணம்: 'கையுறை நனைந்திருந்தது', 'தோட்டக்காரர் சொன்ன நேரம் பொய்'. அதற்கப்புறம்தான் மீதியைப் படிப்பார். சரியாக இருந்தால் ஒரு சின்ன டிக். தப்பாக இருந்தால் அழிக்கமாட்டார், 'எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார்' என்று கீழே எழுதிவைப்பார். அவருக்குப் பிறகு படித்த எனக்கு எத்தனை கதை பாழாயிற்று என்பது வேறு விஷயம். வீட்டில் எந்த முடிவுக்கும் அவரிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டது அந்தக் கொலைக்கதைகள் மட்டும்தான். ஆனால் விருந்தாளி வந்தால் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். அந்த வெட்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

'இதையெல்லாம் படித்துத்தான் குற்றம் பெருகுகிறது' என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாருங்கள். அகதா கிறிஸ்டி 1961-ல் எழுதிய நாவல் ஒன்றில் தாலியம் என்ற விஷம் வருகிறது, முடி கொட்டுவது உட்பட அதன் அறிகுறிகளோடு. முதல் உலகப் போர் சமயத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர், விஷமெல்லாம் அத்துப்படி. 1977-ல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்த ஒரு குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ்தான் தாலியமாக இருக்குமோ என்று சொன்னார். சோதித்தால் அதேதான். குழந்தை பிழைத்தது. மூளைக்கு லீவு விட்டவர், பாருங்கள்.

'செத்தவர் வெறும் சாக்குதானே, அவருக்காக யார் அழுகிறார்கள்?' இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருக்கட்டும்.

'ஒரு தடவை படித்தால் தீர்ந்தது.' இதைச் சொல்கிறவர் ஒரு தடவைகூடப் படித்திருக்கமாட்டார். 1926-ல் வந்த, அகதா கிறிஸ்டியின் ராஜர் அக்ராய்ட் கொலைக்கதையை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். முதலில் சாதாரணமாகத் தாண்டிப்போன வரிகள் ஒவ்வொன்றும் வேறு அர்த்தம் கொடுக்கும். நம் கண்ணெதிரேயே வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன், அத்தையின் பென்சில் என்னிடம் இல்லை. 'ராஜர் அக்ராய்டைக் கொன்றது யாராக இருந்தால் யாருக்கென்ன' என்று தலைப்பு வைத்தே 1945-ல் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். ஆக, நேற்றைய நக்கல்கூடச் சொந்தச் சரக்கு இல்லை. 1948-ல் ஆங்கிலக் கவிஞர் ஆடன், புகையிலை, மது மாதிரி துப்பறியும் கதை தனக்கு ஒரு போதை என்று எழுதினார். இது கலை இல்லை என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் தலையணைக்கு அடியில் ஒளிக்கவில்லை.

அத்தை போனபிறகு அவருடைய புத்தகங்களைத் தரம் பிரித்தார்கள். நிறையப் படித்த உறவினர் ஒருவர்தான் முன்னால் நின்றார். நல்ல இலக்கியம் என்று அவர் சொன்னதெல்லாம் அலமாரிக்குப் போயிற்று. அத்தை கையெழுத்து இருந்ததெல்லாம் பழைய பேப்பரோடு போயிற்று. ஒன்றைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. நேற்று அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு இலக்கியம் எதுவும் ஞாபகம் வரவில்லை, அந்த மனிதரின் முகம்தான் வந்தது.

நான் அதிகம் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எழுத நினைக்கிறவர்கள் தாராளமாக எழுதலாம். கமெண்டில் கொலையாளியின் பெயரைப் போடுகிறவர்களை மட்டும் பிளாக் செய்துவிடுவேன்.