லொறியை மறித்தவர்களைத் திட்டுவதற்கு முன்னால்

மூன்று நாளாக எல்லோரும் அந்த வீடியோவைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் மலையக டவுன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் குப்பை மேடு, மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரத் தம்பதி, பின்னணியில் சோக வயலின், கடைசியில் “நாலு பேருடைய அடாவடியால நம்ம டவுன் மானம் கப்பலேறுது” என்று ஒரு குரல். அந்த நாலு பேர், டவுன் குப்பை லொறியை மறித்து, குப்பை கொட்டும் இடத்துக்குப் போகிற பாதையில் குந்திய கீழ்ப்பிரிவுத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள்.

மறித்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மறித்தவர்களைத் திட்டிய ஆயிரம் பேரில் ஒருவராவது அந்த லொறிக்குள் என்ன இருந்தது என்று எட்டிப் பார்த்தீர்களா?

நான் சொல்கிறேன். நீங்கள் பிரித்துக் கொடுத்ததும், பிரிக்காமல் கொடுத்ததும் ஒன்றாக நசுங்கிக் கிடந்தது.

டவுனில் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தார்கள்தானே. உக்கும் கழிவு ஒரு வாளி, உக்காத கழிவு ஒரு வாளி. பெரும்பாலான வீட்டில் பெண்கள் ஒழுங்காகப் பிரித்துத்தான் வைக்கிறார்கள். தயிர் கோப்பையைக்கூடக் கழுவி வைக்கிறவர்கள் உண்டு. காலையில் குப்பையை அழுத்தி ஏற்றுகிற கம்பெக்டர் லொறி வருகிறது. வலது கையில் ஒரு வாளி, இடது கையில் ஒரு வாளி, இரண்டும் அதே வாய்க்குள். எடுக்கிற தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்திருப்பது ஒரே வண்டி, வண்டிக்கு ஒரே வாய்.

கம்பெக்டர் எப்படி வேலை செய்யும் என்று தெரியாதவர்களுக்கு: பின்பக்கத் தொட்டியில் போட்டதை ஹைட்ரோலிக் தகடு வழித்து எடுத்து உள்ளே தள்ளி அழுத்தும். காய்ந்த அட்டை, பிளாஸ்டிக் போத்தல் என்றால் அருமையான வண்டி. நம் குப்பையில் பாதிக்கு மேல் மரக்கறியும் சோறும். கோவாவில் (முட்டைக்கோஸில்) 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை அழுத்தினால் பிழிந்த தண்ணீர் அடித் தாங்கியில் இறங்கும். தாங்கி நிறைந்தால் பின்கதவு ரப்பர் வழியாகக் கசியும். ரப்பர் தேய்ந்துபோனால் நிறையும்வரைகூடக் காத்திருக்காது. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும், தண்ணீரும் பின்னால் வரும். மேல் வளைவில் கறுப்பாக ஒரு கோடு, மழை பெய்தாலும் போகாமல் கிடக்கிறதே, சேறு என்று நினைத்தீர்களா? மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் அதில் வழுக்கித்தான் விழுகிறார்கள்.

அழுத்தி முடிந்த பிறகு அட்டை ஊறிப்போயிருக்கும், போத்தலுக்குள் கறி இருக்கும், கண்ணாடி நொறுங்கிப் பழத்தோலுக்குள் ஏறியிருக்கும். பழைய சாமான் கடைக்காரர் கையாலும் தொடமாட்டார். சீனியைத் தேத்தண்ணியில் கரைத்துவிட்டு, இப்போது சீனியைத் தனியாகக் கொடு என்று கேட்பது மாதிரிதான் அதற்குப் பிறகு பிரிக்கச் சொல்வது.

“அங்கே குப்பையை உரமாக்குகிற கூட்டெருக் கொட்டகை இருக்கிறதே, அது என்னாச்சு?” என்று ஒரு அண்ணன் கொமென்டில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. உக்கும் கழிவை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குவிக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நம் குளிரில் சூடு பிடிக்காது. கூடினால் அடியில் காற்றில்லாமல் அழுகிவிடும். குவியலின் நடுவில் 55 பாகைக்கு மேல் சூடு ஏறிச் சில நாள் நிற்க வேண்டும், அப்போதுதான் களை விதையும் புழுவும் சாகும். வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஈரம் பார்க்க மெஷின் வேண்டாம், ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஓடி வந்தால் ஈரம் கூட. கோவாவும் லீக்ஸ் தாளும் மட்டும் போட்டால் ஓடித்தான் வரும், அதனால் இரண்டு பங்குக்கு ஒரு பங்காவது காய்ந்த சாமான் கலக்க வேண்டும்: மரத்தூள், சருகு, நறுக்கிய மானாப்புல். தலைக்கு மேல் ஒழுகாத கூரை வேண்டும். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் ஆகிற எருவுக்கு இங்கே இன்னும் கூட நாள் எடுக்கும். மரக்கறித் தோட்டம் செய்கிற யாருக்கும் இது புதினமில்லை.

ஆனால் கொட்டகைக்கு வந்தது மரக்கறிக் கழிவா? நசுங்கிய கலவை. அங்கே வேலை செய்கிற பெண்கள் கையால் பொறுக்கியும் சலித்தும் எடுத்த எருவில் கண்ணாடித் துண்டு. உருளைக்கிழங்கு போடுகிறவர் ஒருமுறை வாங்குவார். கை கிழிந்த பிறகு மறுமுறை வருவாரா? விற்காத மூட்டை கொட்டகையை நிறைத்தது, புதுக் குவியலுக்கு இடமில்லை, வருகிறதெல்லாம் நேரே குப்பை கொட்டும் பள்ளத்துக்குப் போனது. அப்புறம் “மக்களிடம் ஒழுக்கமில்லை, திட்டம் தோற்றுவிட்டது” என்று அறிக்கை.

ஒழுக்கம். இந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து, பொலித்தீனை எடுத்து வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். விடியக்காலையில் அங்கே பவ்வியமாகப் பையை நீட்டுகிற அதே ஆள்தான் பின்னேரம் நம் வளைவில் வேனை நிறுத்தி, சோத்துப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த பொலித்தீன் லன்ச் ஷீட்டைத் தேயிலைக்குள் எறிகிறார். அரை நாளில் ஒழுக்கம் கெட்டுப்போனாரா? அங்கே ஒரு வாசலும் ஒரு ஆளும் இருக்கிறது. இங்கே இல்லை. லன்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தாயிற்று. பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, உறிஞ்சுகுழல் 2023 ஒக்டோபரில். தடை வர்த்தமானியில் பத்திரமாக இருக்கிறது.

இனி வரப்போகிற கொமென்ட்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

“சுற்றுலா சீசன் நேரத்திலா மறிப்பது?” சீசன் இல்லாத நேரத்தில் மறித்தால் நீங்கள் வீடியோ எடுப்பீர்களா?

“ஹோட்டல்காரர்கள் வரி கட்டுகிறார்கள், அவர்கள் குப்பையை எடுக்கத்தானே வேண்டும்?” எடுக்கட்டும். ஆனால் பஃபே மிச்சம் குப்பையே இல்லை, பன்றித் தீனி. பண்ணைக்காரர்கள் முன்பு வாளியோடு வந்து வாங்கிப்போனார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சோற்றுக்குள் பல்குத்தி, அலுமினியத் தாள். பல்குத்தி பன்றியின் குடலைக் குத்தினால் ஒரு பன்றி போச்சு. குசினிப் பையன் ஒருவனை நிறுத்தி, தட்டு வழிக்கும்போதே இரண்டு வாளியில் போடச் சொல்வதற்கு அந்தப் பெரிய ஹோட்டல்களுக்கு முடியாது. கரட்டில் அன்னப்பறவை செதுக்க மட்டும் ஆளிருக்கிறது.

“சபையிடம் காசில்லை.” இதை மட்டும் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை நாட்டின் அநேகமாக எல்லா உள்ளூராட்சிச் சபைகளிலும் மக்கள் தெரிவு செய்த ஒரு உறுப்பினர்கூட இல்லை. கதவைத் தட்ட ஆளில்லாமல் ஓடிய காலம். அது உண்மை. ஆனால் நான் கேட்பதற்குக் காசே தேவையில்லை. அதே லொறி, அதே டீசல், அதே ஆட்கள். திங்கள், புதன், வெள்ளி உக்கும் கழிவு மட்டும். செவ்வாய் உக்காதது மட்டும். கலந்து வைத்தால் தொடாமல் போய்விட வேண்டும். நாளைப் பிரித்தால் குப்பை பிரியும், புது வண்டி வேண்டாம். முதல் இரண்டு வாரம் நாறும், உண்மைதான். எடுக்காமல் விட்ட பையை நாய் கிழிக்கும், குதிரை கிளறும். பையின் சொந்தக்காரர் உறுப்பினருக்குப் போன் போடுவார், உறுப்பினர் மேற்பார்வையாளருக்குப் போன் போடுவார், “இந்த ஒருமுறை எடுத்துவிடு” என்பார். அந்த ஒரு போனில்தான் எல்லாத் திட்டமும் சாகிறது.

“தோட்டத்து ஆட்களும் கானில் (வடிகாலில்) தானே கொட்டுகிறார்கள்?”

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆமாம், கொட்டுகிறார்கள். பின்னே எங்கே கொட்டுவது? தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பாதைக்குள் கம்பெக்டர் திரும்பாது, டிரெக்டர் வண்டியும் வருவதில்லை. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தபோது அதன் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதைத் திருத்தியது 2018இல். முப்பது வருசம் தோட்டத்து ஆட்கள் வாக்கு மட்டும் போட்டார்கள். தோட்டத்துக் கானைத் துப்பரவாக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லையாம். டவுன் குப்பையைத் தோட்டத்துத் தலைமாட்டில் கொண்டுவந்து கொட்ட மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

தலைமாடு என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளத்தின் விளிம்பிலிருந்து பார்த்தால் லயத்துக் கூரை நேர் கீழே தெரியும். ஒழுங்கான இடமென்றால் அன்றன்று கொட்டியதை 15 சென்டிமீட்டர் மண்ணாவது போட்டு மூட வேண்டும், ஊறும் தண்ணீரைத் தனிக் கானில் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் மேலே வேறு கான் வெட்ட வேண்டும். இங்கே மழை நாளில் மண் தள்ளுகிற பெக்கோ ஏறாது, மண் வராது, திறந்தபடியே கிடக்கும். மேல் கான் தூர்ந்து வருசக்கணக்காகிறது. மலையிலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் குப்பைக்குள் இறங்கி, தேயிலைச் சாயம் போல் நுரையோடு கீழே வருகிறது. கீழே இருப்பது பீலி, லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற இடம். அந்தத் தண்ணீரில்தான் சோறு வேகிறது.

கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்தது 2017 ஏப்ரல் 14, சித்திரை வருசப் பிறப்பன்று. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது சமதரையில் குவித்த குப்பை. நாம் குவித்து வைத்திருப்பது சரிவில். மண்சரிவு எச்சரிக்கை வருகிற ஒவ்வொரு இரவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவர்கள், பாதையில் குந்தினால் அடாவடிக்காரர்கள்.

இன்னொன்று. அந்த வீடியோவுக்குக் கீழே சுத்திகரிப்புத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியிருந்த வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். எழுதியவர்களில் நம் ஆட்கள்தான் அதிகம், அதுதான் சுடுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் டவுனைக் கூட்டிப் பெருக்கத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவந்து குடியமர்த்திய சனத்தின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே வேலையில் நிற்கிறார்கள், பலர் இன்னும் தற்காலிகப் பதிவில். ஈரமான உரப்பை ஒன்றைத் தோளுயரத்துக்குத் தூக்கித் தொட்டியில் கவிழ்க்கும்போது தண்ணீர் எங்கே வடியும் என்று யோசித்துப் பாருங்கள். முழங்கை வழியாகக் கமக்கட்டுக்குள். போத்தல் உடைந்திருந்தால் துணிக் கையுறை தாங்காது, கனத்த ரப்பர் வேண்டும். அது கொடுப்பதில்லை. கொடுத்ததாகப் புத்தகத்தில் இருக்கும்.

மறித்தவர்கள் சபைக்குக் கடிதம் கொடுத்தார்கள், அதையும் ஒருவர்கூடப் பகிரவில்லை. கேட்டது மூன்று. கலந்த குப்பை வரக்கூடாது. மேல் கானை வெட்ட வேண்டும். பீலித் தண்ணீரைப் பரிசோதித்து முடிவை லயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். முதல் இரண்டுக்கும் “கவனம் செலுத்துகிறோம்” என்றார்கள். மூன்றாவதற்குப் பதிலே இல்லை. அதுதான் இருப்பதிலேயே லேசான வேலை: கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், கோலிபோம் கிருமி, நைத்திரேற்று, பார உலோகம் மூன்றையும் பார்க்கச் சொன்னால் போதும். ஐஸ் பெட்டி இல்லையென்றால் சொல்லுங்கள், மார்க்கெட் மீன்கடைக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.